நல்லவேளை, போன் சிக்னல் போனது!

போன வருஷம் ஜூலை மாதம். மும்பையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டிய ஒரு காலை. செம்பூரில் நான் ஏறிய ரயில், தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் குர்லாவுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பெண்கள் பெட்டியில் நெரிசலுக்கு நடுவே நான் தவித்துக்கொண்டிருந்தேன். காரணம், அந்த நேரத்தில் நான் மாதுங்காவில் ஒரு மாமியின் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் ப்ராடக்ட் மேனேஜர். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்து, இன்ஜினீயர்களிடம் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையின் பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எதைக் கேட்டாலும் ‘ஹோ ஜாயேகா’, ஆகிவிடும் என்று சொல்வது இந்த ஊர்ப் பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல்.

அதனால் மண்டை காய்வது எங்கள் இன்ஜினீயருக்கு. திருநெல்வேலிக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. “யக்கா, நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு வந்திருவிய. அப்புறம் கெடந்து முழிக்கது நானுல்லா?” என்பான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே செய்தும் கொடுத்துவிடுவான்.

அந்த மாமி, வீட்டிலேயே சமைத்து ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு டப்பா அனுப்புகிறவர். ஆர்டர் எடுக்க அவருக்கு ஓர் ஆப் செய்திருந்தோம். எங்களுடைய முதல் வாடிக்கையாளர். அவர் வேண்டாம் என்றுவிட்டால் இந்த ஆப்பை மூடிவிட்டு எங்கள் குழுவையே கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மாமியோ மறுநாள் பாலக்காட்டுக்குக் கிளம்புகிறார். அன்றைக்கே காட்டியாக வேண்டும்.

வேறு வழியில்லாமல் அவனுக்குப் போன் போட்டேன். தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்தே போய்விடலாம். “எனக்கு ஆளுங்ககிட்ட பேசவே வராதுக்கா” என்று அலறினான். நீ ஆப்பை மட்டும் காட்டு, பேச வேண்டியதை நான் போனிலேயே பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சி அனுப்பி வைத்தேன். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய்ச் சேர்ந்தான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். காட்டினான். மாமி ‘ம்’, ‘ம்’ என்று கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் ஒன்று கேட்டார். “எல்லாம் சரிதான். ஆனா அவாவாளுக்கு வேண்டிய ஐட்டத்தை மெனு பாத்து அவாவாளே தேர்ந்தெடுக்கணும். ஸ்ராவண மாசம் பொறக்கறதுக்குள்ள வேணும், முடியுமோ?”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “ஹோ ஜாயேகா மாமி!” என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பதில் இல்லை. போனைப் பார்த்தால் சிக்னலே இல்லை. எது ஆகிவிடும், ரயிலே நகரவில்லையே என்று எதிர் சீட்டுப் பெண்மணி இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், ‘முடியாது’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டால் எங்கள் எல்லார் வேலையும் போச்சு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மறுபடி லைன் கிடைத்தபோது மாமி சிரிக்கும் சத்தம் கேட்டது. “இதுதான்டா கொழந்தே எனக்கு வேணும்!”

நடந்தது இதுதான். அவன் உள்ளபடியே, அதை அவ்வளவு சீக்கிரம் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறான். அதோடு நிற்காமல், எதற்காக அது வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இந்த ஊர்க்காரர்களின் விரத மாதமான ஸ்ராவணத்தில் ஒருவருக்குத் திங்கட்கிழமை விரதம், இன்னொருவருக்குச் சனிக்கிழமை. சொல்ல மறந்துவிடுகிறார்கள். போன டப்பா அப்படியே திரும்பி வருகிறது, சமைத்த சாப்பாடு வீணாகிறதே என்பதுதான் மாமியின் கவலை. “அப்படின்னா மெனுவெல்லாம் எதுக்கு மாமி? ‘நாளைக்கு விரதம்’னு ஒரு பட்டன் வச்சிருவோம். மொத நாளே அமுக்கிட்டாப் போதும்” என்றிருக்கிறான். அதை அந்த வாரமே செய்தும் கொடுத்துவிட்டான். மாமி எங்களை விடவில்லை. இன்னும் சில மெஸ்காரர்களையும் பிடித்துக்கொடுத்தார். குழு பிழைத்தது.

அந்த மழைக்கு மறுநாள் டீ குடிக்கும்போது, அது எப்படியடா உனக்குத் தோன்றியது என்று கேட்டேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “நீங்க வந்து ‘மெனு வேணும்’னு சொல்லியிருந்தா மெனுவத்தான்க்கா செஞ்சிருப்பேன். டப்பா திரும்பி வருதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?”

கேட்டதை மட்டும்தான் நான் இத்தனை நாளும் அவனிடம் சுமந்துகொண்டு போயிருக்கிறேன், கவலையை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் வாடிக்கையாளரைப் பார்க்கத் தனியாகப் போவதில்லை. அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். ‘ஏன்’ என்று அவன்தான் முதலில் கேட்கிறான், உம்மென்ற முகமும் குறைந்துவிட்டது. நானும் இப்போது மாமியின் டப்பாதான் சாப்பிடுகிறேன். திங்கட்கிழமை விரதத்துக்கு முதல் நாள் அந்தப் பட்டனை அமுக்கும்போதெல்லாம், அன்று என் குரல் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் இது பிறந்தே இருக்காதே என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.