திரை ஆடினால் போகாதே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, அமானுஷ்யம் எதிலும் துளி நம்பிக்கை கிடையாது. வண்டலூர் தாண்டி ராத்திரி பைக்கில் வரும்போது வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி லிஃப்ட் கேட்டாள் என்று கூட வேலை செய்த ஒருவர் கதை விட்டபோது, "ஹெல்மெட் போட்டிருந்தாளா சார்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவள் நான். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், அதுவும் ஒரு கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில்.

ஃப்ளாப்பி இன்னும் செத்துப்போகாத காலம் அது. தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த முரளி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போவதற்கு முன்னால் வீட்டில் அக்காவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, வைரஸ் தொல்லை வேண்டாம் என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ஒருநாள் போன் செய்தான்.

"அதுல ஸ்கிரீன் ரெசல்யூஷன் சரியாவே வரல. எழுத்தெல்லாம் யானை சைஸ்ல நிக்குது, ஓகே பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழ போயிடுது. அக்கா ஒண்ணும் கேக்கல, எனக்குத்தான் உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றான்.

பெருங்களத்தூர் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய கடைசி வீடு அவர்களுடையது. கொல்லைப்புறச் சுவரில் ஓர் உடைப்பு, அதைத் தாண்டினால் ரயில் லைன், லைனைத் தாண்டினால் மெயின் ரோடு. ஸ்டேஷன் மேம்பாலம் வரை போய்ச் சுற்றி வர யாருக்கும் பொறுமை இல்லை, ஊரே அந்த உடைப்பு வழியாகத்தான் போய் வரும். முரளியின் அக்கா கல்யாணிக்குச் சின்ன வயதில் வந்த ஜுரத்தில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. மெயின் ரோட்டில் இருந்த ஒரு டுடோரியலுக்கு வீட்டிலிருந்தே கேள்வித்தாள் டைப் அடித்து, தினமும் மதியம் ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

நான் போனபோது கம்ப்யூட்டர் மேஜை கொல்லைக் கதவைப் பார்த்தபடி இருந்தது. வெளிச்சம் நேராகத் திரையில் அடித்துக் கண் கூசியது. மேஜையைத் திருப்பிப் போடலாமா என்று கையால் கேட்டேன், கல்யாணி வேகமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சரி, பிடிவாதக்காரி போல என்று உட்கார்ந்தேன். திரையில் நாலு ஐகான் வைத்ததும் இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவு பெரிதாக இருந்தது எல்லாம். திடீரென்று மொத்தப் படமும் கொதிக்கிற கஞ்சி மாதிரி நடுங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று வீடு அதிரப் போனது, படத்தின் ஆட்டமும் நின்றது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ரயில் கம்பியில் ஓடுகிற கரண்ட்டின் காந்தம் அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களை ஆட்டிவைக்கும், லைன் ஓரத்து வீடுகளில் எல்லாம் இந்தக் கூத்து உண்டு.

மானிட்டர் முதுகில் இருந்த மாடல் எண்ணைப் பார்த்து, அது தாங்கக்கூடிய அளவுகளை, திரை செட்டிங் எல்லாம் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அடித்தேன். இரண்டு தடவை திரை கறுத்துப்போனது, மூன்றாவது தடவை படம் கண்ணாடி மாதிரி வந்தது. சின்ன எழுத்து, ஓகே பட்டன் இருக்கவேண்டிய இடத்தில். திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கவேண்டும் என்கிற எண்ணையும் கூட்டி வைத்தேன், அதனால் அடுத்த ட்ரெயின் போனபோது ஆட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கல்யாணியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் முகம் செத்துப்போயிருந்தது. திரையைக் காட்டினாள், கொல்லைக் கதவைக் காட்டினாள், விரல்களை நடுங்க வைத்துக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறையிலிருந்து அவள் அம்மா ஓடிவந்தார்.

"ஐயோ, அதை எதுக்கும்மா நிறுத்தின? ட்ரெயின் வர்றது அவளுக்குக் கேக்காதே. வடக்கால லைன் வளைஞ்சு வருது, கிட்ட வர்ற வரைக்கும் கண்ணுக்கும் தெரியாது. முரளி இருந்த வரைக்கும் அவன் கூட்டிட்டுப் போவான். அவன் போனப்புறம் இந்த ஸ்கிரீன் ஆடுறதப் பாத்துட்டுதான் அவ லைனைத் தாண்டுறா. சுவர்கிட்ட நின்னு கடைசியா ஒருதரம் திரும்பிப் பாப்பா."

மேஜை ஏன் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி, பழையபடியே மாத்திடறேன்" என்று கீபோர்டில் கை வைத்தேன், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் எல்லாம் அந்த வீட்டில் கிடையாது. கல்யாணிக்கோ நேரமாகிவிட்டது, மதிய வகுப்புக்கு அந்தக் கேள்வித்தாள் வேண்டும். எனக்குத்தான் இரண்டு காதும் நன்றாக இருக்கிறதே, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினேன்.

சுவர் உடைப்பில் நின்றோம். முதல் லைனில் ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டியதும், அவ்வளவுதான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவள் என் மணிக்கட்டை வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னால் இழுத்தாள். என்ன என்று திரும்பினேன். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

நம்பினால் நம்புங்கள். கொல்லைக் கதவு வழியே அந்தத் திரை எரிந்துகொண்டிருந்தது. நான் சரிசெய்து வைத்த படம் இல்லை, பழைய படம், யானை எழுத்து. நான் அதுவரை எந்தத் திரையிலும் பார்க்காத ஆட்டம் ஆடியது. கரண்ட் வந்துவிட்டது போல என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அதே அறையில், கரண்ட் போகும்வரை அதற்கு மேலே சுற்றிய ஃபேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் என் முதுகுக்குப் பின்னால், கூட்ஸ் மறைத்திருந்த அடுத்த லைனில், ஓர் எக்ஸ்பிரஸ் சீறிக்கொண்டு போனது. கூட்ஸ் சத்தத்தில் அதன் ஹாரனே எனக்குக் கேட்கவில்லை. காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போய் முள்செடியில் போட்டது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் இதைச் சொல்ல நான் இல்லை.

ரயில் போனதும் கல்யாணி என் கையை விட்டாள். மறுபடி வீட்டைப் பார்த்தேன், திரை கறுப்பாக இருந்தது. அவள் ஏதும் நடக்காத மாதிரி என் தோளைத் தட்டிவிட்டு, லைனைத் தாண்டித் தன் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து மானிட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன், நான் வைத்த சின்ன எழுத்துதான் வந்தது. முதல் வேலையாக அதை அழித்துப் பழையபடி மாற்றினேன். மாற்றும்போதுதான் இன்னொன்று தட்டியது. போன எக்ஸ்பிரஸ் டீசல் எஞ்சின். டீசல் எஞ்சின் கம்பியிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை, அதற்குத் திரை ஆடவே கூடாது. அப்படியானால் இத்தனை நாள் டீசல் வண்டி வருவது கல்யாணிக்கு எப்படித் தெரிந்தது?

"ஆன்ட்டி, கரண்ட் இல்லாத அன்னிக்கு அக்கா எப்படிப் போவாங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கும் அதைப் பாத்துட்டுதான் போறா. எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது. ஆடுது இரு, நின்னுடுச்சு போறேன்னு கையக் காட்டுவா. ஒரு தடவையும் தப்பினதில்ல. ஆனாலும் பெத்தவளாச்சே, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இங்கயே நிப்பேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "ஏம்மா, உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பயத்தில் இல்லை, கோயில் கருவறைக் கதவு திறக்கும்போது வருமே, அந்த மாதிரி.

ராத்திரி முரளி போன் செய்து ரெசல்யூஷன் சரியாகிவிட்டதா என்றான். அதை அப்படியே விட்டுவிடு, யாரையும் தொடவிடாதே என்றேன். திட்டிவிட்டு வைத்தான்.

இப்போது என் வீட்டில் தட்டை மானிட்டர், எந்த ரயிலுக்கும் அசையாது. கரண்ட் போகும்போதெல்லாம் அந்தக் கறுப்புத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாசற்படி இறங்குகிறேன். இன்று வரை எதுவும் தெரிந்ததில்லை. தெரியாது என்று எனக்கும் தெரியும். அன்றைக்கும் கல்யாணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த வரைக்கும்தான் தெரிந்தது.