வெர்னாவின் கேக் பாத்திரம்

மார்லிஸ் ஹோவ்லண்டிடம் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது அவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் அரசு வக்கீல். அப்பா கோதுமைக் கிடங்கு நடத்தியவர். மகளுக்கு அந்தக் கிடங்கு முழுக்கக் கேட்கும் குரல். பிறகு மத்திய விசாரணை நீதிமன்றத்தில் நீதிபதியானார். அதற்கும் மேலே, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிபர் அவர் பெயரை அறிவித்ததும், அவர் எப்படிப்பட்டவர் என்று கோட்டுப் போட்ட அரசு ஆட்கள் இருவர் மார்லிஸின் தெருவில் வீடு வீடாக விசாரிக்க வந்தார்கள்.

அடுத்த வீட்டு வெர்னா விடுவாளா?

"நல்ல மனுஷிதான். ஆனா என் கேக் பாத்திரத்த வாங்கிட்டுப் போனவ, இன்னும் திருப்பித் தரல. அதையும் எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள். நல்லவேளை, நியமனத்துக்கு ஒப்புதல் தரும் செனட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. மார்லிஸ் தேறிவிட்டார்.

மேலே வந்தும் அவருக்கு நிம்மதியில்லை. கீழே அவர் கடைசியாகச் சிறைக்கு அனுப்பிய லாரி ஓட்டுநர் ரே, மேல்முறையீடு செய்திருந்தான். அவன் தரப்புச் சாட்சி ஒருவரைப் பேசவிடாமல் தடுத்தவர் மார்லிஸ். தன் பழைய வழக்கில் அவர் உட்காரவும் கூடாது, மற்ற நீதிபதிகளிடம் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. அதை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் அவருடைய சிநேகிதர் லோவல். எனக்கோ மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

ஒரு காலையில் தீர்ப்பு வந்தது. மார்லிஸ் செய்தது தவறு, ரேவுக்கு மறுவிசாரணை. எழுதியவர் லோவல்.

அன்று மதியம் நீதிபதிகள் சேர்ந்து சாப்பிடும் அறைக்கு மார்லிஸ் ஆப்பிள் கேக்கோடு போனார்; தட்டுகளோடு நான் பின்னால் போனேன். லோவல் மேசைக் கோடியில் ஒண்டியிருந்தார்.

"ஏன் அங்க போய் உக்காந்திருக்கீங்க? கேக்குல விஷமெல்லாம் இல்ல."

"கோவம் இல்லையா, மார்லிஸ்?"

"காலையில இருந்துச்சு. தீர்ப்ப முழுசாப் படிச்சேன், போயிடுச்சு. அந்தச் சாட்சியப் பேச விட்டிருக்கணும். கீழ இருந்தப்ப நான் எப்படித் தூங்கினேன் தெரியுமா? தப்புப் பண்ணினா மேல இருக்கிற நீங்க பிடிச்சிடுவீங்கங்கற தைரியத்துல. இப்ப நானே மேல வந்துட்டேன். இனிமே யாரு பிடிப்பா?"

"பக்கத்துல ரெண்டு பேரு உக்காந்திருப்போமே! விட்டுடுவோமா?"

மார்லிஸ் சிரித்துவிட்டார். பெரிய துண்டை லோவலுக்கு வைத்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

காலிப் பாத்திரத்தைக் கழுவி என்னிடம் நீட்டினார்.

"டோரீன், இது வெர்னாவோடது. இன்னைக்கே அனுப்பிடு. அவ மேல்முறையீட்டுக்குப் போறதுக்குள்ள."