பால்தெமாரின் ஐந்து பிறந்தநாள்கள்

ஒலிம்பியா என்கிற மெக்சிகன் சாப்பாட்டுக் கடையின் வாசலை ஒட்டி ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் நின்று கோதுமை டோர்ட்டியா ரொட்டி தேய்த்துக் கல்லில் போடுகிறவள் நான். பெயர் செஞ்சா. பத்தொன்பது வருடமாக அதே இடம், அதே கல். கடைக்குள் யார் நுழைந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். யார் யாருடன் வருகிறார்கள், யாருடன் வருவதை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நான் வம்பு பேசுகிறவள் இல்லை. கேட்டால் சொல்வேன். சில பேர் கேட்க மறந்துவிடுவார்கள், அவர்களுக்கும் சொல்வேன்.

பால்தெமார் சிஃபுவெந்தெஸ் கதையும் அப்படித்தான், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன்.

எங்கள் சான் அன்டோனியோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருபத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆள் குட்டை, தொப்பை எடுப்பு, மீசையை மட்டும் மாப்பிள்ளை மாதிரி வைத்திருப்பார். மனைவி அம்பாரோ இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கடைக்கு வருவார். ஏழாம் மேசை. சீஸ் எஞ்சிலாடா மூன்று, டோர்ட்டியாவுக்குள் சீஸ் வைத்துச் சுருட்டியது, மேலே மிளகாய்க் குழம்பு, பொடியாக அரிந்த பச்சை வெங்காயம். தின்று முடித்ததும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இந்த ஊர்ல இந்தக் கைய மாதிரி இன்னொரு கை கிடையாது" என்பார். சமையல்காரிக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கோவில், ஒரு கடை. கட்சி மாறினாலும் மன்னிப்பார்கள், கடை மாறினால் கல்யாணம், சாவுக்குக்கூட வரமாட்டார்கள். அதனால் பால்தெமார் எங்கள் ஆள் என்று நாங்கள் முழுசாக நம்பினோம். மற்ற ஆறு நாளும் வீட்டில் தனியாக ஏதோ வேகவைத்துத் தின்கிறார், பாவம், பெண்டாட்டி இல்லாத மனுஷன் என்று அவர் தட்டில் பீன்ஸ் ஒரு கரண்டி கூடுதலாக விழும். நானும் டோர்ட்டியா இரண்டு அதிகம் சுற்றித் தருவேன்.

எங்கள் கடையில் பரிமாறுகிறவள் எவுதேலியா. வயது ஐம்பத்தெட்டு. ஒரே கையில் ஐந்து தட்டு எடுப்பாள், எதையும் எழுதிக்கொள்ளமாட்டாள். என் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான், ஆகவே எனக்கு கொமாத்ரே, உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேல். தட்டு அடுப்பிலிருந்து நேராக வரும், விரல் பட்டால் கொப்புளிக்கும். "தட்டு சூடு, தொடாதீங்க" என்று சொல்லித்தான் வைப்பாள். சொன்ன மறுநொடி அத்தனை பேரும் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது ஒரு வியாதி. பால்தெமார் ஆறு வருடமாக வாராவாரம் தொட்டு, வாராவாரம் விரலை உதறினார். இரண்டாம் வருடத்திலிருந்து அவள் தட்டோடு ஒரு கிண்ணம் ஐஸ் கொண்டுவர ஆரம்பித்தாள். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

இந்த அக்டோபர் பதினான்காம் தேதி அவர் பிறந்தநாள். எங்கள் கடைகளில் பிறந்தநாள்காரன் தப்பிக்க முடியாது. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு சொம்ப்ரேரோ தொப்பியைத் தலையில் கவிழ்த்து, மெழுகுவர்த்தி குத்திய ஃப்ளான் புட்டிங் ஒரு தட்டு வைத்து, வேலைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பாடுவோம். பாட்டு முடிந்தது. தொப்பிக்கு அடியிலிருந்து பால்தெமார் கேட்டார்: "எவுதேலியா, என்னைக் கட்டிக்கிறியா?"

கல்லில் கிடந்த டோர்ட்டியா கருகிப் போனது. பத்தொன்பது வருடத்தில் நான் கருக்கிய ஒரே டோர்ட்டியா.

அவள் உடனே சரி சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய முதல் புருஷன் ரோசெந்தோ லாரி ஓட்டினான். "உன்னை விட்டா எனக்கு யாருடி" என்று பதினோரு வருடம் சொன்னான். லரேடோவில் ஒருத்திக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான், இரண்டு பிள்ளைகளோடு. பால்தெமாரை உட்காரவைத்து அவள் இதைச் சொன்னாள். "எனக்குப் பணம் வேணாம், அழகு வேணாம். பொய் மட்டும் ஆகாது. சின்னப் பொய்கூட." அவர் தலையைத் தலையை ஆட்டினார். இரண்டு வாரம் கழித்து அவள் சம்மதித்தாள். என் கொமாத்ரே முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் கல்யாண உரிமம் வாங்கக் கவுண்டி அலுவலகத்துக்குப் போனோம். சாட்சி தேவையில்லை என்று சொன்னார்கள். நான் போகாமல் இருப்பேனா?

ஜன்னலில் இருந்த பெண் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து வாசித்தாள். "பிறந்த தேதி, டிசம்பர் இருபத்தஞ்சு. சரியா?"

"இல்லம்மா, அக்டோபர் பதினாலு," என்றாள் எவுதேலியா. "ஆறு வருஷமா நான்தான் பாட்டே பாடறேன்."

"அட்டையில டிசம்பர் இருபத்தஞ்சுன்னுதான் இருக்கு."

எவுதேலியா திரும்பினாள். பால்தெமாரின் மீசை நடுங்கியது. "அது வந்து… கொஞ்சம் வெளில போய்ப் பேசலாமா?" என்றார்.

வாசல் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கினார். சர்சமோரா தெருவில் ஒரு கடை. அங்கே டாக்கோ எண்ணெயில் விழுந்ததும் உப்பி எழும், அப்படி யாருக்கும் வராது. அங்கேதான் முதலில் பிறந்தநாள் எப்போது என்று கேட்டார்கள். டிசம்பர் இருபத்தைந்து என்றதும் பரிமாறுகிற பெண்ணின் முகம் வாடிப்போனது. கிறிஸ்துமஸ் அன்று கடை மூடல், தொப்பி போட முடியாதே! மனசு கேட்காமல், "சரிம்மா, மார்ச் மூணுன்னு வச்சுக்கோ" என்றிருக்கிறார். கொலேப்ரா ரோட்டில் மாட்டுக்கறிக் குழம்புக்கு ஒரு கடை, அங்கே மே இருபது. சனிக்கிழமைக் காலை குடல் சூப்புக்கு குவாதலூப்பே தெருவில் ஒன்று, அங்கே ஜூலை எட்டு. ஞாயிறு பூசை முடிந்து தலைக்கறிக்கு ஒரு கடை, அங்கே ஆகஸ்ட் முப்பது. ஐந்தாவது நாங்கள்.

"மொத்தம் எத்தன பொறந்தநாள்யா உங்களுக்கு?" என்றாள் எவுதேலியா.

"அஞ்சு. நெஜமானதையும் சேத்தா ஆறு."

நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைங்கள்லயும் சொல்வீங்களா? இந்தக் கைய மாதிரி இன்னொரு கை கிடையாதுன்னு?"

"அது நெஜம்தானே எவுதேலியா! ஒவ்வொரு கடைக்கும் ஒரு கை. டாக்கோவுக்கு ஒண்ணு, சூப்புக்கு ஒண்ணு. நான் யார ஏமாத்தினேன்? பஸ் ஓட்டுறப்பவே ஒவ்வொரு நிறுத்தத்துலயும் மூக்கால கத்துக்கிட்டது."

"வேற எங்கயும் சாப்பிடுறீங்களான்னு நான் கேட்டப்ப, 'எனக்குப் போக எடமேது'ன்னீங்க."

அவர் மீசையை இழுத்து இழுத்து விட்டார்.

"எல்லாரும் ஒசத்தின்னு எல்லார்கிட்டயும் சொல்ற ஆம்பள, நான் ஒசத்தின்னா அதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு அந்த வார்த்தைய ஏற்கெனவே ஒருத்தன் சொல்லியாச்சு." எழுந்தாள். உரிமத் தாளில் கையெழுத்துப் போடாமலே படியிறங்கிவிட்டாள்.

நான் மட்டும் ஒரு நிமிஷம் நின்றேன். "ஏன்யா, அந்த நெஜமான நாள்ல எங்க சாப்பிடுவீங்க?"

"வீட்லதான், செஞ்சா. எல்லாக் கடையும் மூடியிருக்குமே. முட்டை ஒண்ணு பொரிச்சுக்குவேன்."

மனுஷனைத் திட்டவேண்டும் என்றுதான் நின்றேன். அவர் அப்படிச் சொன்னதும் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன். காரில் ஏறியதும் எவுதேலியாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். அவள் ஏழாம் மேசைப் பக்கமே போகவில்லை. வேறொரு பெண் தட்டு வைத்தாள், ஐஸ் இல்லை. அவர் தட்டைத் தொடவில்லை. அந்த ஊர் வியாதியே அவரை விட்டுப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சிலாடா மேல் சீஸ் ஆடை கட்டி உறையும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். எங்கள் சமையல்காரி, ஐந்து கடைச் சங்கதி அவளுக்கும் எட்டியிருந்தது, கதவைப் பார்த்துக் கத்தினாள்: "குடல் சூப்புக்காரிகிட்டயே போ!" ஆனால் அவள் கண்ணிலும் தண்ணீர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் கடையில் சோள மாவுக்குள் கறி வைத்து அவித்த தமாலே வாங்க வரிசை தெருமுனைவரை நிற்கும். அந்த வரிசையில் பால்தெமாரும் நின்றார். அவர் முறை வந்ததும் எவுதேலியா ஒரு டஜன் தமாலேயைப் பொட்டலம் கட்டினாள், கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் என் வீட்டுக்கு வாங்க. வெறும் வயித்தோட வாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வாடி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் எவுதேலியாவுக்குச் சமைக்கத் தெரியாது. கொஞ்சம் தெரியாது என்று இல்லை, சுத்தமாகத் தெரியாது. பத்தொன்பது வயதில் கடைவேலைக்கு வந்தவள், மூன்று வேளையும் கடையில்தான் சாப்பாடு. வீட்டு அடுப்பின் அடியில் ரொட்டி சுடுகிற இடத்தில் செருப்பு அடுக்கி வைத்திருப்பாள்.

மறுநாள் நான் போனபோது செருப்பெல்லாம் வாசலில் கிடந்தது. வீடு முழுக்கப் புகை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பால்தெமார் கோவிலுக்குப் போகிற சட்டையில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. அவள் சமையல் ஏப்ரனில் குழம்பும் நெற்றியில் மாவுமாக வந்தாள். கையில் ஒரே ஒரு தட்டு, அதையும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சூடு. தொடாதீங்க."

தொட்டார். விரலை உதறினார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மூன்று எஞ்சிலாடா. குழம்பு ஓரத்தில் கறுத்து, நடுவில் நீர் கட்டி நின்றது. அவர் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"சொல்லுங்க. எப்படி இருக்கு?" என்றாள் எவுதேலியா. இரண்டு கையும் இடுப்பில் இருந்தது. "எல்லார்கிட்டயும் சொல்றத எங்கிட்டச் சொல்லாதீங்க. அதைச் சொன்னீங்கன்னா, அந்தா கதவு."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஊர்ல…" என்று ஆரம்பித்தார்.

பாவி, சொல்லித் தொலைக்காதே என்று நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"இந்த ஊர்ல இவ்வளவு மோசமான எஞ்சிலாடா நான் தின்னதே இல்ல." முள்கரண்டியால் ஒவ்வொன்றாய்க் காட்டினார். "மிளகாயக் கருக்கிட்டே. டோர்ட்டியாவ எண்ணெயில காட்டவே இல்ல, அதான் நைஞ்சு கூழாப் போச்சு. சீஸ் உள்ள சில்லுன்னு கெடக்கு. உப்பு… உப்பு எங்கன்னே தெரியல. தயவுசெஞ்சு இனிமே அடுப்புப் பக்கம் போகாதே எவுதேலியா."

எவுதேலியாவின் தாடை ஆடியது. அழப்போகிறாள் என்று நான் எழுந்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதாள். "நாலு நாளா செஞ்சு பாத்தேன்யா! நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு!"

குளிர்பெட்டியின் மேலிருந்து எதையோ இழுத்தாள். கடையின் சொம்ப்ரேரோ. கேட்காமல் தூக்கிவந்திருக்கிறாள். அவர் தலையில் கவிழ்த்தாள், மீசை மட்டும்தான் வெளியே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாடினோம். எனக்குக் கழுதைக் குரல், அவளுக்கு மூக்கடைப்பு, ஆனாலும் முழுசாகப் பாடினோம். தொப்பிக்கு அடியில் அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார், எழுபத்தொரு வயதில்.

அழுது முடித்ததும் முள்கரண்டியை எடுத்து மீதி இரண்டரை எஞ்சிலாடாவையும் வழித்துத் தின்ன ஆரம்பித்தார்.

"மோசம்னீங்க?" என்றேன் நான்.

"மோசம்தான். தின்னமாட்டேன்னு சொன்னேனா?"

எவுதேலியா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்றுக் கட்டி வைத்த தமாலேப் பொட்டலத்தைப் பிரித்து மேசை நடுவில் வைத்தாள்.

"ஆபீஸ் தொறந்ததும் போறோம்," என்றாள். "இந்தத் தடவ நெஜமான தேதிய நான் சொல்றேன்."