வீட்டுக் கடனும் வந்து தங்கியவர்களும்

சொந்த வீட்டில் ஓரமாக ஒதுங்கி இருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஹோம்ஸ்டே தொழில் சரிப்பட்டு வரும்.

வீட்டுக் கடன் வாங்கிவிட்டு, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நெருங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். முப்பத்தாறு வயதில் இருபத்தைந்து வருடக் கடனில் வீடு வாங்கினோம். சம்பளச் சீட்டு இருந்தது எனக்கு மட்டும் என்பதால் கடன் என் பேரில். இரண்டு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டார். எனக்கு மிஞ்சியது ஆறு வயது மகள் ஷெரினும், என் அறுபத்தோராவது வயது வரை ஓடப்போகிற தவணையும். எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு முடிந்தால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்பே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேங்க்காரர்கள் இந்தக் குழந்தையிடம்தானே வந்து நிற்பார்கள் என்று பயம். அந்தப் பயத்தில் பல நாள் சோறு இறங்கவில்லை.

சம்பளத்தில் தவணையும் ஸ்கூல் ஃபீஸும் போனால் மளிகைக்கே இழுபறி. அதனால் வீட்டிலிருந்த இரண்டு அறைகளையும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவது, வருகிற பணத்தை அப்படியே கடனில் கட்டி சீக்கிரம் தலையை உருவிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். முனிசிபாலிட்டியில் அனுமதி வாங்கினேன். ஏப்ரல், மே, பூஜா லீவு, கிறிஸ்துமஸ் லீவு ஆகிய நாட்களில் நானும் ஷெரினும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமுக்குக் குடிபோய்விடுவோம். அங்கே ஓர் அரிசி டிரம், ஒரு கட்டில், நாங்கள் இரண்டு பேர்.

ஓனரம்மா

முதன்முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் வரும் நேரத்தில் நான் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் விருந்தாளி ஆயிற்றே, ஒரு முடி கிடந்தாலும் போச்சு என்று தரையை இரண்டாம் முறையும் தேய்த்தேன். இரண்டு நாளும் டீ போட்டுக் கொடுத்தேன், வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் பையனின் ஷூவில் ஒட்டிய சேற்றைக்கூடத் துடைத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஐம்பது ரூபாயைக் கையில் திணித்தார். நான்தான் வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஐம்பது ரூபாயும் அசலில் கழியுமே என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஓனரம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க."

பக்கெட் கணக்கு

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், வராமலும் போகும். விருந்தாளி குளிக்கப் போனால் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை பக்கெட் என்று காதாலேயே எண்ணுவேன். ஆறுக்கு மேல் போனால் எனக்கு வியர்த்துவிடும். டேங்க் காலியானால் லாரித் தண்ணீர், லாரித் தண்ணீர் வந்தால் அன்றைய வாடகையில் பாதி காலி.

திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் ஒரே நாளில் மூன்று முறை குளித்தார். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. தண்ணீரைக் கொஞ்சம் பார்த்துச் செலவழிக்கச் சொல்லி, எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். அவர் ஜன்னலைக் காட்டி, "ஏனுங்க, இத்தன மழ பேயுது, தண்ணிக்கு என்னங்க பஞ்சம்?" என்றார்.

வராத காட்டெருமை

ஆன்லைனில் வீட்டைப் பதிவு செய்தபோது நல்ல போட்டோ வேண்டும் என்றார்கள். எங்கள் வாசலுக்கு எதிரே தேயிலைக்குள் ஒரு காட்டெருமை நின்ற அன்று எடுத்த படத்தைப் போட்டேன். புக்கிங் குவிந்தது. சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் பெட்டியை வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, மாடு எத்தனை மணிக்கு வரும் என்பதுதான்.

அது என்ன என் கையிலா இருக்கிறது? சில வாரம் தினமும் வரும், கேட்டை முட்டித் தள்ளும். சில வாரம் எட்டிப் பார்க்காது. ஒரு பெங்களூர் பார்ட்டி மூன்று நாள் காத்திருந்து, வராத கோபத்தில் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒரு ஸ்டாரால் அடுத்த மாதம் இரண்டு வாரம் அறை காலி. ஆபீஸில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்ப்பேன். அந்தப் பெங்களூர்க்காரருக்கே போன் செய்து, ஸ்டாரைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னது: "போட்டோல மாடு இருந்துச்சே மேடம், அதுக்கும் சேத்துத்தானே காசு குடுத்தோம்?"

பத்து மணி வர்க்கி

எஸ்டேட் ஆபீஸில் பத்து மணிக்கு டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் வரும். எல்லோரும் மாதாமாதம் பங்கு போடுவோம். செலவைக் குறைக்கிற வேகத்தில் நான் அந்தப் பங்கை நிறுத்திவிட்டேன். பத்து மணி ஆனதும் ஏதாவது லெட்ஜரைத் தேடுகிற மாதிரி ரெக்கார்டு ரூமுக்குள் போய்விடுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் மும்தாஜ் ஒரு நாள் டீயோடு ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டாள். என் டேபிளில் வைக்காமல் பழைய ஃபைல்களுக்கு மேல் வைத்தாள். அழக்கூடாது என்று எவ்வளவு முயன்றும் அழுதுவிட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அக்கா, நீ லெட்ஜர் தேட ஆரம்பிச்ச நாள்ல இருந்து உன் பங்கையும் நான்தான் போட்டுட்டு இருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள குடி" என்றாள்.

இருமல்

ஸ்டோர் ரூமின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் கசியும். ஷெரினுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பூஜா லீவில், சளி பிடித்து இருமல் நிற்கவே இல்லை. முன்னறையில் ஹீட்டர், கம்பளி, நல்ல மெத்தை எல்லாம் இருந்தன. அதில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி இருந்தார்கள். ஷெரின் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமினாள். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்யாதே என்றும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறாத வலி.

காலையில் அந்தக் குழந்தையின் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அவருக்கும் பயம், எனக்கும் பயம். "உள்ள யாரோ இருமிட்டே இருக்காங்களே, வேலைக்காரங்க பிள்ளையா? எங்க பாப்பாவுக்கு ஒட்டிக்காதில்ல?"

பதிவேட்டில் ஒரு மேனேஜர்

அடுத்த வருடம் மே மாதம் ஈரோட்டிலிருந்து மனைவியோடு ஒருவர் வந்தார். பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'பேங்க் மேனேஜர்' என்று எழுதினார். வீட்டைப் பிறருக்கு விடுவதானால் பேங்க்கிடம் சொல்ல வேண்டும் என்று கடன் பத்திரத்தில் எங்கோ ஒரு வரி படித்த ஞாபகம். நான் சொல்லவில்லை. அவரோ சுவரைத் தட்டிப் பார்க்கிறார், கூரையை அண்ணாந்து பார்க்கிறார், எத்தனை வருடக் கட்டடம் என்று கேட்கிறார். இரண்டு நாளும் நான் செய்த உப்புமாவில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது.

கிளம்பும் நேரத்தில் பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடன் இருக்கிறது, சொல்லவில்லை, மூன்று வருடமாக சீசன் பணத்தை எல்லாம் முன்கூட்டியே கட்டுகிறேன், தவணைகூடக் குறைந்திருக்கிறது என்று. சுவரைத் தட்டியது அவர் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருப்பதால்தானாம். ஆனால் தவணை குறைந்தது என்றதும் அவர் முகம் மாறியது. "நான் லீவுல வந்திருக்கேனுங்க, எதையும் பாக்கல. ஆனா முதல்ல பேங்க்குக்குப் போயி, வருசத்தக் கொறச்சாங்களா, தவணைய மட்டும் கொறச்சாங்களான்னு கேளுங்க."

கேக் வாங்கிய கதை

சொந்தங்களே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். முதல் சீசன் பணத்தைக் கட்டியதும் என் மாதத் தவணை கொஞ்சம் குறைந்தது. பேங்க் எனக்குத் தந்த பரிசு என்று நினைத்து ஷெரினுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வருடமும் குறைந்தது, அப்போதும் கேக். அரை நாள் லீவு போட்டு பேங்க்குக்குப் போனபோதுதான் தெரிந்தது, தவணைதான் குறைந்திருக்கிறதே தவிர, கடன் முடியும் வருடம் ஒரு மாதம்கூட நகரவில்லை. அதே அறுபத்தொரு வயது. மூன்று வருடம் ஸ்டோர் ரூமில் படுத்தும், நான் நினைத்த வட்டியில் கால்வாசிகூட மிச்சமாகவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் என்று சொல்லும் வயதுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பழைய தவணையையே கட்டுகிறேன், வருடத்தைக் குறையுங்கள் என்று அங்கேயே நின்றுகொண்டு எழுதிக் கொடுத்தேன். வீட்டை வாடகைக்கு விடுவதையும் அதிலேயே எழுதினேன். கையெழுத்து கோணல் மாணலாகப் போனது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், நீங்க கேக்கவே இல்லையே. கேக்கலேன்னா கம்ப்யூட்டர் தவணையத்தான் குறைக்கும்."

டிரைவருக்குப் போதும்

அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓட்டம். கொரோனா வந்த வருடம் சீசனே இல்லை. அடுத்து மலைக்கு வரவே இ-பாஸ் வேண்டும் என்றார்கள், புக்கிங் பாதியானது. இழுத்துப் பிடித்து, போன மே மாதம் முழுக் கடனையும் அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று பேங்க்கில் எழுதி வாங்கினேன். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும்; தாண்டினால் கணக்கு மாறும். அந்த நேரம் பார்த்து கோடை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. இரண்டு பார்ட்டி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டாயிரம் குறைந்தது. ஒன்பது வருடமாகக் காத்து, பதினெட்டாயிரத்தில் தவறிவிடுவேனோ என்று ஆபீஸில் கை ஓடவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பாதை திறந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து பதினொரு பேர் வேனில் வருவதாக போன். இரண்டு அறையும் ஹாலும் போதாது, வேறு இடம் உண்டா என்றார் பேசியவர்; சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறைதான் இருக்கிறது என்றேன், டிரைவருக்குப் போதுமாம். அதற்கும் சேர்த்துப் பணம். நான் உடனே சரி என்றுவிட்டேன். நானும் ஷெரினும் ஒரு துணிப் பையும் ஒரு போர்வையுமாக மும்தாஜின் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் போனோம்.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தபோது ஸ்டோர் ரூம் வாசலில் அந்த டிரைவர் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். ராத்திரி வேனில் போய்ப் படுத்துக்கொண்டாராம். என் பின்னால் ஷெரின் நின்றிருந்தாள். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்து ஈரத்தைக் காட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, சாமானம் வெக்கறதோட நிறுத்திக்குங்க. இதுக்குள்ள மனுசங்களப் படுக்க வெக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அந்தப் பணத்தோடு கடன் அடைந்தது. பதினான்கு வருடம் முன்னதாக. சில வாரம் கழித்து வீட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். கூடை நிறையப் பூ வாங்க வேண்டும், பாட்டுப் பாட வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பஸ்ஸில் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பறந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ஆன்லைனில் இருந்த பதிவை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டதும், முன்னறையில் துவைத்த விரிப்பைப் போட்டேன். இனி இது உன் ரூம் என்று ஷெரினிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. ஏறிப் படுக்கச் சொன்னால் கட்டில் ஓரத்தில் படுத்தாள். விரிப்பு கசங்காமல் இருக்க இரண்டு காலையும் வெளியே நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு விளையாட்டுக்குக் கேட்கிறாளா நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்கே புரியாத ஒரு குரலில் கேட்டாள்: "அம்மா, நாம எத்தன மணிக்கு ரூமக் காலி பண்ணணும்?"

பதினான்கு வருட வட்டியை மிச்சம் பிடித்துவிட்டேன் சொந்தங்களே, ஆனால் என் பிள்ளை சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்க எத்தனை வருடம் பிடிக்கும் என்று எழுதித் தர எந்த பேங்க்கிலும் ஆள் இல்லை.