சத்தியபாயின் அடுப்புக்குக் குழாய் வைத்த நடிகை

எங்கள் ஊர், கடலோரத்து இனயத்துக்கு வடக்கே, பனை மிகுந்த மேட்டில் இருக்கிறது. இங்கே பிறந்த பூங்கனி பேசும்படத்தில் ராஜகுமாரியாக நடித்தவள். அவள் முகம் அச்சிட்ட காலண்டர் நாகர்கோவில் கடைகளில் தொங்கியது. நாடகக் கம்பெனியோடு அவள் புறப்பட்டுப் போன வருடமே வேதக்கோயில் சபையார் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவளுக்காக ஜெபிப்பதை அக்கா சத்தியபாய் மட்டும் நிறுத்தவில்லை.

1936ஆம் ஆண்டு பனங்காலத்தில் பூங்கனி அக்காவைப் பார்க்க வந்தாள். பட்டுச் சேலையும் கைக்கடிகாரமுமாக முற்றத்தில் நின்றாள்.

"யாரு, நேசபாயா?" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக் கேட்டது விளையாட்டில்லை, கண் தெரியவில்லை. அவள் புருஷன் ராஜையன் பனையேறி இறக்கும் அக்கானி என்ற பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சிக் காய்ச்சி, ஓலைப் புகையில் கண் பழுத்துவிட்டது. இடது கண்ணில் வெண்படலம் விழுந்தாயிற்று. வலதும் போனால் வேதம் வாசிக்க முடியாதே என்பதுதான் அவள் பயம்.

"எனக்கும் இப்பிடித்தான் எரியும்க்கா. படம் பிடிக்குத எடத்துல பெரிய பெரிய கரி விளக்கு, கரிக்குச்சியில மின்சாரம் பாய்ஞ்சு புகையோட எரியும்."

"ராஜகுமாரிக்குமாட்டி?"

"ராஜகுமாரிக்குத்தான் விளக்கு கிட்ட."

அந்த விளக்குகளின் தலையில் தகரக் குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு வெளியே விடுவதை அவள் கவனித்திருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிச் சுருட்டினாள். அடுப்பின் வாயை மண்ணால் குறுக்கி, பின்புறம் குழாயைச் செருகி, சுவர் வழியாக வெளியே விட்டாள். நெருப்பு நின்று எரிந்தது. புகை உள்ளே தங்கவில்லை. கர்த்தர் மனமிரங்கினார் என்றே நினைத்தோம். பக்கத்து வீட்டு நேசபாயும் தனக்கொன்று கேட்டாள்.

பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. இங்கே கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில்தான் அடுக்குவோம். புகையோடு வரும் அனல் பட்டால்தான் மழையில் கசியாது. பனையேறி வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாததல்ல. அக்காளின் கண்ணையே நினைத்திருந்ததில் பரணை மறந்துபோனாள். அந்தப் பருவத்தில் காய்ச்சியதெல்லாம் உருகிச் சுவரில் வழிந்தது. எறும்பு மொய்த்தது.

ராஜையன் குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

"படத்துல ஆடுனது போதாதாட்டி? எனக்க அடுப்புலயும் ஆட வந்தியா?"

"பரண மறந்துட்டேன் அத்தான். குழாயப் பரணுக்கு அடியில வளைச்சு விட்டா அனலு படும், புகை வெளிய போவும். ஒருக்கா வச்சுப் பாருங்க."

"ஒருக்கா பாத்ததே மதி, போதும்."

கூத்தாடி கைபட்ட அடுப்பு வேண்டாமென்று நேசபாயும் சொல்லிவிட்டாள்.

வழிந்ததை வழித்துத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. சத்தியபாய் புகைக்குள் போக எழுந்தாள். பூங்கனி அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டு தானே அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அக்காவை உள்ளே வரவே விடவில்லை.

அந்த வாரத்தில் படக் கம்பெனிக்காரர் மோட்டாரில் வந்தார். கண் வீங்கி, மூக்கெல்லாம் கரியாக இருந்தவளிடமே, "பூங்கனி அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர் அவள் கண்களைப் பார்த்தார். "அடுத்த மாசம் படம் ஆரம்பிக்கணுமே அம்மா," என்று மெதுவாகச் சொன்னார். பூங்கனி பாகைக் கிண்டினாள், கிண்டாவிட்டால் அடிப்பிடிக்கும். மோட்டார் திரும்பிப் போயிற்று. அப்புறம் வரவில்லை.

ராஜையன் பனையடியில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் அடங்கியபின் சேற்றில் கிடந்த குழாயை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, வளைவு எங்க வரணும்?"

அந்த வருடக் கருப்பட்டி பரணில் காய்ந்தது. சத்தியபாயின் இடது கண் திரும்பவில்லை; வலது கண்ணைக் கர்த்தர் காத்தார். சபையார் பூங்கனியின் பெயரை இன்னும் திரும்ப எழுதவில்லை. ஆராதனைக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருகிறாள். வீட்டில் சாயங்கால ஜெபத்தின்போது சத்தியபாய் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து ஒற்றைக் கண்ணால் வேதம் வாசிக்கிறாள். பூங்கனி விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்கிறாள். அந்தப் புகைக்குப் பிறகு வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகவில்லை.