போர்ட் பிளேரிலிருந்து வந்த வெள்ளைப் படகு

ராயபுரத்தில் டோரதியைத் தெரியாதவர்கள் குறைவு. கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவள் என்று சிலருக்குத் தெரியும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வாசலில் நின்று லாரிக்காரர்களை அதட்டி வரிசைக்குக் கொண்டுவருகிறவள் என்று சிலருக்குத் தெரியும். எனக்கு அவள் பழக்கமானது எண்ணூர் போகும் சாலையோரம், கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுடிதார்க் காலை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, ராடும் ரீலுமாகக் கல்லின் நுனியில் போய் நிற்பாள். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிற எங்கள் கூட்டத்தில் பெண் அவள் ஒருத்திதான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த அப்பா சவரிநாதன் சீக்கிரம் போய்விட்டார். அம்மா அவருக்குப் பின்னால் போனாள். அப்போது தம்பி பென்னி கால்சட்டைப் பையன். அவனைப் படிக்க வைத்து, படிப்பு ஏறாதபோது காசிமேட்டில் எஞ்சின் மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டு, ஆன்சியைப் பெண் பார்த்துக் கட்டி வைத்து, எல்லாம் டோரதிதான். ஒரே வீட்டில், மாடியில் அவள், கீழே அவர்கள். பென்னியின் மகள் ஜெனி சாப்பிடுவது மாடியில், தூங்குவது கீழே.

ஒரு நாள் கல்லில் நின்றபடியே பெரிய பாறை மீன் ஒன்றை டோரதி இழுத்துப் போட்டாள். எங்களில் யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு வேளச்சேரியிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் ஆட்கள் விலையுயர்ந்த ராடோடு வந்து, கடலுக்குள் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வலைப் படகில் அவர்களை ஏற்ற முடியாது. உட்கார இடம் வேண்டும், ராடைச் செருகி வைக்கக் குழாய் வேண்டும், மீன் ஓடினால் பின்னாலேயே ஓட நல்ல எஞ்சின் வேண்டும். அப்படிப்பட்ட படகு ஒன்றைப் பற்றி டோரதி பேச ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாக, பிறகு வேறு பேச்சே இல்லாமல்.

புதுப் படகு அவள் எட்டுகிற உயரத்தில் இல்லை. பழசு இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. கடைசியில் போனில் கண்ணில் பட்டது போர்ட் பிளேரில் ஒரு படகு. வெள்ளை உடம்பு, நடுவில் ஸ்டீரிங், மேலே சின்னக் கூரை. தாமோதரன் என்பவர் விற்கிறார். தமிழர், வெளிநாட்டுக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவர், இடுப்பு வலியால் தொழிலை விடுகிறார்.

கல்மண்டபத்தில் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் உச்சிமாகாளி அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற சாமானைப் படத்தில் பார்த்து வாங்குவது உண்டா என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே சொன்னோம். டோரதி கோபப்படவில்லை. அவளுக்கும் அந்த பயம் இருந்தது. முகம் தெரியாத மனிதன், தீவில் இருக்கிறான், ஏமாற்றிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

"நான் போய்ப் பாக்கறேன்க்கா. எஞ்சினப் பத்தி எனுக்குத் தெரியாதா?" என்றான் பென்னி.

அதோடு எல்லோருடைய வாயும் அடைத்தது. சொந்தத் தம்பி, அதிலும் மெக்கானிக், நேரில் போய்ப் பார்க்கும்போது யார் என்ன சொல்ல முடியும்? லீவு போட்டுவிட்டு அந்தமான் கப்பலில் ஏறினான். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது டோரதி யார்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள். பென்னி படகை வளைய வந்து காட்டினான். ஸ்டீரிங்கைப் பிடித்து நின்றபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம், அவன் கல்யாணத்தன்றுகூட இல்லை என்று அவள் பிறகு எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். விலையையும் நன்றாகக் குறைத்திருந்தான். படகு ஏ ஒன்னா கீதுக்கா, கண்ண மூடிகினு வாங்கலாம் என்றான். வாங்கினாள்.

சரக்குக் கப்பலில் வந்து, கிரேனில் இறங்கி, லாரியில் ஏறிக் காசிமேட்டுக்கு அந்தப் படகு வந்த அன்று எங்கள் கூட்டம் முழுக்கப் போயிருந்தது. படத்தில் பார்த்ததைவிட அழகு. டோரதி அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்தார். முதல் ஓட்டத்தில் ஆன்சியும் ஜெனியும்தான் போனார்கள். துறைமுக வாயைத் தாண்டி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்ததும், இறங்க மாட்டேன் என்று ஜெனி அழுதாள்.

பென்னி மெக்கானிக் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு முழு நேரமும் படகோட்டி ஆனான். வாரக் கடைசிகளில் ஆட்கள் வந்தார்கள். போட்டியாக வஞ்சிரமும் சீலாவும் பிடித்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே போனது.

பிறகுதான் அந்த ஞாயிறு.

படகில் நான்கு பேர். டோரதி, ஸ்டீரிங்கில் பென்னி, வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர்காரர், அவருடைய மைத்துனர். எண்ணூருக்கு நேராக, கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தையும் தாண்டிப் போயிருந்தார்கள். காற்று லேசாக ஏறியிருந்தது. கம்ப்யூட்டர்காரரின் தூண்டிலை ஒரு மயில்மீன் கவ்வியது. முதுகில் பாய்போல விரியும் துடுப்போடு அது தண்ணீருக்கு மேலே எகிறி விழுந்ததைப் பார்த்ததும் படகில் இருந்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தூண்டில் நரம்பு ரீலிலிருந்து அலறிக்கொண்டு ஓடியது. அப்படி ஓடும் மீனைத் துரத்த, படகைப் பின்பக்கமாகவே ஓட்டுவார்கள். நரம்பு தீர்ந்துபோகாமல் இருக்க அதுதான் வழி. பென்னி எஞ்சினை ரிவர்ஸில் போட்டு முடுக்கினான். அலை பின்பக்கம் மோதித் தெறித்தது.

தென்னை மட்டையைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டதாக டோரதி சொல்கிறாள். திரும்பிப் பார்த்தபோது எஞ்சின் மல்லாந்துகொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையில், போல்ட்டுகள் போட்டிருந்த பகுதி அப்படியே பெயர்ந்து எஞ்சினோடு சேர்ந்து சாய்ந்தது. டீசல், பெட்ரோல் என்று வாழ்நாள் முழுக்க எஞ்சினோடு கிடந்த பென்னி அனிச்சையாக அதைப் பிடிக்கப் பாய்ந்தான். கேபிள் அவன் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. எஞ்சின் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கொஞ்சம் பெட்ரோல் நிறம் மினுங்கியது, அவ்வளவுதான்.

எஞ்சின் இருந்த இடத்தில் ஓட்டை. அடுத்த அலை உள்ளே வந்தது.

"எல்லாரும் முன்னாடி போங்க. மூக்குக்குப் போங்க," என்று டோரதி கத்தினாள். நான்கு பேரும் முன்னால் போனால் பின்பக்கம் எழும்பும் என்று அவளுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர்காரர் நகரவில்லை. அவர் இன்னும் ராடைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. டோரதி கத்தியால் நரம்பை அறுத்து அவரை முன்னால் தள்ளினாள். இருக்கை மெத்தைகளைப் பிடுங்கி ஓட்டையில் திணித்தாள். திணித்தபோது அவள் விரல்கள் பலகையின் உடைந்த வாயில் பட்டன. வெளியே பார்த்தால் கண்ணாடி இழைப் பூச்சு, வெள்ளை வெளேர் என்று. உள்ளே இருந்த மரம் கறுப்பாக, ஊறிப்போன புண்ணாக்கு மாதிரி, கையோடு பிய்ந்து வந்தது. ஒரு பிடியை எடுத்துப் பார்த்தாள். நேற்று இன்று மக்கியதில்லை, வருஷக்கணக்காக மக்கிய மரம். மைத்துனர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். பென்னி ரத்தம் சொட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூரையில் ஏறி அவள் துப்பட்டாவை வீசியதை நெட்டுக்குப்பத்து ஃபைபர் படகுக்காரர்கள் பார்த்தார்கள். வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். வழி நெடுக வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள்.

தையல் போட பென்னியை ஆன்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். வந்த இருவரையும் டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு டோரதி மீன்பிடித் துறைமுகச் சுவரில் உட்கார்ந்தாள். நானும் ஓடிப்போயிருந்தேன். நான் கொடுத்த டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அந்த மக்கிய மரத்தில் ஒரு பிடியை அவள் துப்பட்டா நுனியில் முடிந்து வைத்திருந்தாள். அப்படியே போனை எடுத்துத் தாமோதரனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த மனிதர் எடுத்ததும் அவள் வாயில் வந்த வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. நாலு உயிரைப் பலி கொடுக்கப் பார்த்தாயே என்று கேட்டாள்.

அவர் குறுக்கே பேசவில்லை. அவள் மூச்சு வாங்கியபோது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று முதலில் கேட்டார். பிறகு, கொஞ்சம் தயங்கி, கேட்டார்:

"அப்போ அந்தப் பின்பலகைய நீங்க மாத்தலையாம்மா?"

டோரதிக்குப் புரியவில்லை. எந்தப் பலகை என்றாள்.

"உங்க தம்பி எதிர்லயே சுத்தியால தட்டிக் காட்டினேனே. சத்தம் செத்துப்போய் வந்துச்சு. உள்ள மரம் போயிடுச்சு, மாத்தாம கடல்ல எறக்காதீங்கன்னு சொன்னேன். அதுக்குத்தானே விலையக் கொறச்சேன். சென்னையில நானே மாத்திக்கிறேன்னு சொன்னாரு."

அவள் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள்; ஸ்பீக்கரில் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. தாமோதரன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் வாங்கி வைத்தேன். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.  கடலில் எஞ்சின் விழுந்தபோது வேலை செய்த மூளை, கரையில் உட்கார்ந்த இடத்தில் நின்றுவிட்டது.

சாயங்காலம் பென்னி கையில் கட்டோடு வீடு திரும்பினான். டோரதி கீழ் வீட்டில், சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து அந்தக் கறுப்பு மரத்தை மேஜை மேல் வைத்தாள். தாமோதரனிடம் பேசினேன் என்று மட்டும் சொன்னாள். ஆன்சி அந்த மரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பென்னி பொய் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னான்.

"தெரியும்க்கா. சொன்னா நீ வாணான்னு சொல்லிருப்ப. அந்த ஸ்டீரிங்கப் புடிச்சி நின்னப்போ, இனிமே ஷெட்டுல போய்க் குந்திகினு எவன் எஞ்சினோ கயட்ட முடியாதுன்னு தோணிச்சி. சவாரித் துட்டு கொஞ்சம் சேந்ததும் ஆனிக்குள்ள மாத்திடலாம்னு இருந்தேன். அதுவரிக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

 கேட்டது ஆன்சி. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"மொத நாளு என்னியும் ஜெனியையும் அதுல ஏத்திகினு போனியே. அப்பவும் தெரியுமா?"

பென்னி தலையைக் குனிந்துகொண்டான். ஆன்சி எழுந்து போய், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். மாடியில் நாத்தனாரோடுதான் அதற்குப் பிறகு வெகு காலம் இருந்தாள்; புருஷனுக்குச் சோறு மட்டும் கீழே இறக்கி வைப்பாள்.

டோரதி வேளச்சேரிக்காரர் வீட்டுக்கு நேரில் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தம்பிக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னாள். அவர் மனைவி கதவைச் சாத்தினாள். அது நியாயம்தான் என்று டோரதி எங்களிடம் சொன்னாள். படகைக் கரையேற்றிக் காசிமேட்டு ஃபைபர் வேலைக்காரர்களிடம் விட்டு, பின்பக்கம் முழுவதையும் அறுத்து எடுத்துப் புதிதாகப் போடச் சொன்னாள். யார்டு வேலை முடிந்து தினமும் போய்ப் பக்கத்தில் நிற்பாள். பென்னி ஷெட்டுக்குத் திரும்பிப் போனான்.

படகுக்கு வேறு எஞ்சின் தேடியபோது தாமோதரன்தான் ஒன்று இருப்பதாகச் சொன்னார். இந்த முறை டோரதியே கப்பலேறினாள், ஆன்சியைக் கூட்டிக்கொண்டு. ஆன்சிக்கு வழியெல்லாம் வாந்தி. போர்ட் பிளேரில் தாமோதரன் இடுப்பில் பெல்ட்டோடு துறைக்கு வந்து நின்றாராம். போனில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவள், அவரைப் பார்த்ததும் பேச முடியாமல் அழுதுவிட்டாள். இறந்தவர் வீட்டில் அழுவது மாதிரி அழுதார்கள் அண்ணி என்று ஆன்சி சொன்னாள். அந்த மனிதர் செய்வதறியாமல் இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது படகை டோரதியே ஓட்டுகிறாள். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். ஆன்சி மாடியிலிருந்து இறங்கிக் கீழே வந்துவிட்டாள்; ஜெனிக்காக என்று சொல்லிக்கொள்கிறாள். எஞ்சினுக்கு ஏதாவது என்றால் பென்னிதான் வந்து பார்க்கிறான். கரையில் நிற்கும்போது பார்ப்பான், முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவான். கடலுக்கு வருகிறேன் என்று அவன் கேட்பதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. சோறு, குழந்தையின் பள்ளிக்கூடம், தண்ணீர் லாரி என்று இருவரும் நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் நான் அவளோடு போயிருந்தேன். எண்ணூர்ப் புகைக்கூண்டுகள் சின்னதாகத் தெரியும் தூரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டோம். நான் ஏதோ பேச்சுவாக்கில் பென்னியைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லவன்தான்," என்றாள். தூண்டிலைச் சுற்றி எடுத்து இரையைப் பார்த்துவிட்டு, "அதான் எனுக்கு இன்னும் புரியல," என்றாள்.