ஞானப்பிரகாசம் சாரின் சிவப்பு அம்பு

ஒரு கல்யாணத்துக்காக உத்திரமேரூரில் பெருநகர் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். நடத்துனர் எங்கள் பள்ளியில் படித்தவர். டிக்கெட் கிழிக்காமல் என்னையே பார்த்தார். "சார், உங்களுக்குச் சேதி வரலியா? நம்ம இங்கிலீஷ் சார் விடிகாலைல பூட்டாரு சார்." காய்ச்சல் என்று நான்கு நாள் விடுப்பில் இருந்தவர் ஞானப்பிரகாசம் சார். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றுதான் இருந்தோம். கல்யாணத்தை விட்டுவிட்டு மானாம்பதிக்கு, அவர் வீட்டுக்குப் போனேன்.

அவரிடம் படித்த உங்களுக்கு அந்தச் சிவப்பு அம்பு மறந்திருக்காது. ஆங்கில வாக்கியத்தில் வினையுரிச்சொல் இடம் தப்பி நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. அதை வட்டமிட்டு, அது இருக்கவேண்டிய இடத்துக்கு ஓர் அம்பு இழுத்துவிடுவார். "வெர்புக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவுல அதுக்கு இன்னா வேலை? புருஷன் பொண்டாட்டி பேசிக்கினு இருந்தா நீ போய் நடுவுல குந்துவியா?" என்று அவர் கேட்பது, பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் என் காதிலும் விழும்.

மாணவர்களோடு விட்டாரா என்றால் இல்லை. என் கல்யாணப் பத்திரிகையை ஆசையாய் நீட்டினேன். 'ரிக்வெஸ்ட் கார்டியலி யுவர் பிரசன்ஸ்' என்று அச்சாகியிருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'கார்டியலி'யை முன்னால் தள்ளி அம்பு போட்டார். பிறகுதான், "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அப்போது இருவருமே நிரந்தரமாகியிருக்கவில்லை. இருவருக்கும் ஒரே ஊர். ஆனால் எங்கள் வீட்டுக்கு வயல் இருந்தது, அவர் அம்மா அந்த வயலில் நாற்று நட்டார். "பர்மனென்ட் ஆன அன்னிக்கே அம்மாவைச் சேத்துல எறங்காதேன்னு சொல்லிடுவேன்" என்பார். அதை என்னிடமே சொல்லுவார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

பள்ளி ஆய்வாளர் அவர் வகுப்பைப் பார்த்துவிட்டு நல்ல அறிக்கை எழுதியிருந்தார். ஆசிரியர் படித்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். அறிக்கை வந்தபோது சார் காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தார். 'எக்ஸ்ப்ளெயின்ஸ் கிளியர்லி த லெசன்' என்று எழுதியிருந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? அவர் நிமிர்வதற்குள் 'கிளியர்லி'யைச் சுற்றி ஒரு வட்டம், வரியின் கடைசிக்கு ஓர் அம்பு. மேலதிகாரியின் அறிக்கையில், சிவப்பு மையில்!

தலைமை ஆசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தது, சார் வகுப்புக்குப் போனார். யாரையும் கேட்காமல் நான் ஒரு பிளேடை எடுத்து அந்த மையைச் சுரண்டினேன். 'கிளியர்லி' இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. சார் திரும்பி வந்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "போவட்டும் சார். இப்ப தப்பும் இல்ல, சரியும் இல்ல" என்று சிரித்தார். மறுநாள் முதல் பேருந்தில் அதை எடுத்துக்கொண்டு தனியாகவே காஞ்சிபுரத்தில் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார்.

பத்து நாளில் பதில் வந்தது. அறிக்கையைக் கோடு போட்டுக் கிழித்ததை ஆசிரியரே ஒப்புக்கொண்டதால், அவரை நிரந்தரமாக்குவது ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது என்றிருந்தது. கிழித்தவன் நான் என்று அவர் வாயே திறக்கவில்லை. ஏன் சார் என்று கேட்டேன். "கோடு போட்டது நான்தானே? ஒரு பேப்பருக்கு ரெண்டு பேர் மாட்டணுமா? உங்களுக்குக் கண்ணாலம் வேற கீது" என்றார். கிழித்தது நான்தான் என்று நானும் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நான் நிரந்தரமானேன். அவர் அம்மா இன்னொரு வருடம் எங்கள் வயலில் நாற்று நட்டார்.

அடக்கம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் தன்னிடம் சொல்லவே இல்லை என்றார்.

"இத்த இன்னாத்துக்கு இப்ப சொல்றீங்க, சின்னய்யா?"

ஞானப்பிரகாசம் சார் எனக்குக் கொடுத்த ஒரு வருடம் என்னிடம் இருக்கிறது. அது அவருடையதுகூட இல்லை, அவருடைய அம்மாவுடையது.